செல் வளர்த்து ஒட்டுகிறேன் என்பவரிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: எங்கள் ஊர் மண்டபம் பக்கம். மகளுக்கு 17 வயது. ஆறு மாதமாக இரண்டு முழங்கால், விரல்நுனி, உதட்டோரம் என்று வெண்புள்ளி பரவிக்கொண்டே இருக்கிறது. ராமநாதபுரத்தில் ஒருவர், அவள் தோலிலிருந்தே செல் எடுத்து, சென்னை ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்து ஒட்டலாம், மொத்தம் 1,80,000 ரூபாய் என்கிறார். தோலை இங்கேயே எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்புவார்களாம். முன்பணம் 5,000 கொடுத்துவிட்டோம். மீதியை மீன்பிடித் தடைக்காலம் முடிந்து தந்தால் போதுமாம். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை, அதனால்தான் ஏமாறுகிறோம். மனிதத் தோல் செல்லைக் கூடத்தில் வளர்க்கலாம் என்று அமெரிக்காவில் ரைன்வால்ட், கிரீன் என்ற இருவர் 1975-லேயே காட்டிவிட்டார்கள். அப்படி வளர்த்த தோல் தீக்காயக்காரர்கள் உயிரையும் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது மேல்தோலைக் கட்டும் செல். உங்கள் மகளுக்குக் குறைந்திருப்பது நிறம் தரும் செல். அது தோலின் அடிவரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்துகொண்டு, சுற்றியுள்ள முப்பது நாற்பது செல்களுக்கு நிறத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. வளர்ப்பதற்கும் அது லேசில் மசியாது.

சரி, வளர்த்தே கொடுத்தாலும் என்ன ஆகும்? வெண்புள்ளியில் உடம்பின் எதிர்ப்புச் செல்களே நிறச் செல்லைத் தேடிக் கொல்கின்றன. புள்ளி பரவுகிறது என்றால் அந்த வேலை இன்னும் ஓயவில்லை. இப்போது புதுச் செல்லைக் கொண்டுபோய் வைத்தால் அதற்கும் அதே கதிதான். இன்னொன்று, நோய் ஓடிக்கொண்டிருக்கும்போது தோலில் காயம் பட்ட இடமெல்லாம் புதுப் புள்ளி வரலாம். தொடையில் தோல் எடுத்தால் எடுத்த இடமே வெளுத்துப்போகலாம். மகள் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவள் என்றால் பாறையில் கீறல் படாமல் காலை மூடிக்கொள்ளட்டும்.

ஐஸ் பெட்டிக்கு வருவோம். ஐஸைப் பற்றி உங்கள் ஊருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மீன் கெடாமல் இருந்தால் போதும், செல்லோ உயிரோடு போய்ச் சேர வேண்டும். தோல் உறைந்தால் செல்லுக்குள் இருக்கும் நீர் ஊசி ஊசியாக இறுகிச் சவ்வைக் கிழித்துவிடும். உறைய வைத்தே ஆக வேண்டுமென்றால் காப்பு மருந்து கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெல்லக் குளிர்வித்து, அப்புறம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். எந்தத் திரவத்தில் போடுவீர்கள், எத்தனை டிகிரி, எந்தக் கூடம் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆராய்ச்சி என்று சொல்பவர் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறி வளரக்கூடிய மூலச் செல்) மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் இன்னும் சோதனைதான் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. சோதனை என்றால் சிடிஆர்ஐ, அதாவது மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேட்டின் பதிவு எண் இருக்கும், ஒப்புதல் தாள் தமிழில் இருக்கும். இரண்டையும் கேளுங்கள். மீதிச் செல்லை வங்கியில் வைக்க ஆண்டுக் கட்டணம் என்று அடுத்து ஆரம்பிப்பார். தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிர வேறெதையும் அப்படி வணிகமாகச் சேமிக்க அனுமதி இல்லை. வெண்புள்ளியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நம் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களுக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு விலக்கு உண்டு. அதையும் தரகர்கள் தங்களுக்கு வாகாக வளைப்பதால் விரிவாகவே சொல்கிறேன். சிலருக்கு உடம்பின் ஒரு பக்கம் மட்டும் புள்ளி வரும். பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டாது. அந்த இடத்து முடி சீக்கிரமே நரைக்கும். கொஞ்ச காலம் வேகமாகப் பரவி அப்படியே நின்றுவிடும். இவர்களுக்குக் களிம்பைவிடச் செல் மாற்று நன்றாகவே எடுக்கும். அதற்கும் பொதுவாக ஓராண்டு புதுப் புள்ளி வராமல், பழையது விரியாமல் இருக்க வேண்டும். 'நின்ற மாதிரிதான் இருக்கு' என்ற பேச்சு செல்லாது. மாதம் ஒருமுறை, அதே இடத்தை, அதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். அதிலும் பல மருத்துவமனைகளில் தோலை எடுத்து, செல்லைப் பிரித்து, சில மணி நேரத்தில் அங்கேயே வைத்துவிடுகிறார்கள். சென்னைக்குப் பெட்டி போக வேண்டிய தேவையே இல்லை. உங்கள் மகளுக்கு இரண்டு பக்கமும் வந்து, இன்னும் பரவிக்கொண்டும் இருப்பதால் இந்தக் கணக்கு இப்போது பொருந்தாது.

முதலில் பரவலை நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள். களிம்பு, மாத்திரை, 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி என்று பல மாதம் ஆகும். நிறம் முடிவேரிலிருந்து திரும்பி வருவதால் முழங்காலில் நம்பிக்கை உண்டு, உதட்டிலும் விரல்நுனியிலும் தாமதமாகும். வாரம் இரண்டு மூன்று நாள் ஒளி காட்ட வேண்டிய நோய்க்குக் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி ஓ.பி. வரிசையில் நில் என்கிறது நம் ஏற்பாடு. தரகரோ வீட்டுத் திண்ணைக்கே வருகிறார். அப்புறம் ஜனங்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம்.

மீனும் பாலும் சேர்ந்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிள்ளைக்கு மீனை நிறுத்த வேண்டாம்.

கொடுத்த 5,000-க்கு ரசீது, போனில் வந்த செய்தி, பணம் அனுப்பிய விவரம் எதுவானாலும் எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தால் சீட்டு தருவார்கள், அந்தச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.