அந்த நாவலை உங்கள் மகள் படிக்கலாமா?

அன்புச் சகோதரிக்கு,

செயின்ட் லூயிஸுக்குக் குடிவந்த சூடு ஆறுவதற்குள், பத்தாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் உங்கள் மகளுக்கு மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ பாடமாக வந்திருப்பதையும், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் கிடப்பதையும் பார்த்துப் பதறி, “இது இனவெறி நாவல்தானே, பள்ளிக்குப் புகார் எழுதட்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை ஒப்பந்தத்தைப் பற்றியும் கார் காப்பீட்டைப் பற்றியும் உங்கள் அலுவலக நண்பர்களே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள் என்பதால், நாவலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்தச் சொல் 200 முறைக்கு மேல் வருவது உண்மைதான். கதை தொடங்குவது அடிமை முறை சட்டப்படி நிலவிய காலத்து மிசூரியில். அதைச் சொல்பவன் அந்த ஊரிலேயே வளர்ந்த, படிப்பேறாத ஹக் என்ற சிறுவன். ட்வைனும் நம் நகருக்கு வடக்கே மிசிசிப்பிக் கரையில் உள்ள ஹனிபலில், அடிமை வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்தவர்தான். 1885-இல் நாவல் இங்கே வெளிவந்தபோது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் நகர நூலகம் அதை விலக்கியது. ஆனால் காரணம் இனம் அல்ல, நடை கொச்சையாக இருக்கிறது என்பதே.

ஓர் இடத்தைப் பாருங்கள். நீராவிப் படகில் சிலிண்டர் வெடித்துவிட்டது என்று ஹக் ஒரு பொய் சொல்கிறான். யாருக்காவது அடிபட்டதா என்று பண்ணை வீட்டுப் பெண்மணி சாலி கேட்க, யாருக்கும் இல்லை, ஒரு கறுப்பன் மட்டும் செத்தான் என்கிறான். நல்லவேளை, சில சமயம் ஆட்களுக்கு அடிபட்டுவிடுமே என்று அவள் நிம்மதி அடைகிறாள். சாலி கொடுமைக்காரி அல்ல. வந்தவரை உட்காரவைத்துச் சோறு போடுகிறவள். ஆசிரியர் குறுக்கே வந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லாததால்தான் நமக்குக் குலை நடுங்குகிறது. இதை இனவெறி எழுத்து என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

அந்தப் பெண்மணியை நான் இந்த ஊரில் நம்மவர் வீடுகளிலேயே சந்தித்திருக்கிறேன். நான் வந்து இறங்கிய புதிதில், இலையில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, டெல்மார் சாலைக்கு வடக்கே வீடு பார்த்துவிடாதே, அது கறுப்பர்கள் இருக்கும் பக்கம் என்று அன்பொழுகச் சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்லர். என் கையில் இருந்த காசுக்கு அங்கேதான் அறை கிடைத்தது. கடுங்குளிர் இரவில் குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும் என்று கதவைத் தட்டிச் சொல்லிக்கொடுத்தவர் கீழ்வீட்டுக் கறுப்பின மூதாட்டி. எனக்குப் புத்தி சொன்னவர்களில் பலர் இன்றுவரை அந்தச் சாலையைத் தாண்டியதில்லை. ஆனால், இந்த நாட்டில் நிறவெறி அதிகம் என்று விருந்துக்கு விருந்து அங்கலாய்ப்பவர்களும் அவர்களே.

நாவலைக் குறை சொல்லவே கூடாது என்பதில்லை. ஜோசப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவல் ஆப்பிரிக்கர்களை வெறும் பின்னணியாக்கிவிட்டது என்று நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975-இல் ஆற்றிய உரையில் சாடினார். அவர் சொன்னது நியாயமான குறை. ட்வைனின் நாவலில் ஹக்குடன் தப்பியோடும் அடிமை ஜிம்முக்கோ மனம் இருக்கிறது. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று தன் சின்ன மகளை அறைந்தவன், காய்ச்சலில் அவளுக்குக் காது கேட்காமல் போயிருந்தது பிறகு தெரியவந்ததைச் சொல்லி அழும் பக்கத்தை ஓர் இனவெறியர் எழுதியிருக்க முடியாது. ஆனால் கடைசி அத்தியாயங்களில் அதே ஜிம்மை ஹக்கின் நண்பன் டாம் சாயர் விளையாட்டுப் பொம்மையாக்கிவிடுகிறான். எஜமானியின் உயிலின்படி ஜிம் ஏற்கெனவே விடுதலை பெற்றவன் என்று தெரிந்தும் கொட்டடியில் கிடக்கவிட்டு வேடிக்கை காட்டுகிறான். அதைக் கண்டு எரிச்சலடையும் கறுப்பின வாசகர்கள் பக்கமே நானும் நிற்கிறேன்.

2011-இல் அந்தச் சொல்லை ‘அடிமை’ என்று மாற்றி ஒரு பதிப்பு வந்தது. மாற்றினால் சாலியின் பதிலில் உள்ள கொடூரம் மழுங்கிப்போகும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்காக, வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது அதை உரக்க வாசிப்பதிலும் உடன்பாடில்லை.

ஆகவே புகார் எழுதாதீர்கள். ஆங்கில ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தச் சொல்லை வகுப்பில் வாய்விட்டு வாசிப்பார்களா, அடிமையாக இருந்து மீண்ட ஃபிரெடரிக் டக்ளஸின் தன்வரலாற்றையோ, ஜிம்மின் வாயாலேயே இக்கதையைச் சொல்லி 2025-இல் புலிட்சர் பரிசு பெற்ற பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ நாவலையோ கூடவே படிக்கவைப்பார்களா என்று கேளுங்கள். மதிப்பெண் குறைந்தால் மட்டுமே ஆசிரியருக்கு எழுதும் நம்மவர் வழக்கத்தை நீங்களாவது விட்டுவிடுங்கள். மகள் 23-ஆம் அத்தியாயத்துக்கு வரும் வாரத்தில் நீங்களும் அதைப் படித்துவிடுங்கள். ஜிம் தன் மகளைப் பற்றிச் சொல்வது அங்கேதான் வருகிறது.