நான்காம் குழியில் ஒரு ஆறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் 1895ல் தொடங்கியபோது ஒரே நாளில் 36 குழி ஆடி முடித்திருக்கிறார்கள். இன்று 72 குழி, நான்கு நாள். அன்று வென்றவரையும் இன்று வெல்பவரையும் ஒரே பட்டியலில் வைப்பது சரியா? எப்போது மாற்றினார்கள்? இன்னொன்று. 1957 மகளிர் ஓப்பனில் ஜாக்கி பங்கிடமிருந்து ஒரு எழுத்துப் பிழைக்காகப் பட்டத்தைப் பறித்தது அநியாயம் இல்லையா? கூட்டுத்தொகை சரியாகத்தானே இருந்தது? அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கே.

அன்புள்ள கே.,

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1895 அக்டோபர் 4, நியூபோர்ட். மைதானத்தில் இருந்ததே 9 குழிகள்தான், அதை நான்கு முறை சுற்றினார்கள். ஹோரஸ் ராலின்ஸ் 173 அடிகளில் வென்றார். 1898ல் 72 குழி ஆனது. யார் பெரியவர் என்ற வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. மட்டை வேறு, பந்து வேறு, புல் வேறு. ஒப்பிட்டு என்ன செய்யப்போகிறீர்கள்?

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருவோம். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் ‘எழுத்துப் பிழை’, ‘பறித்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, இரண்டுமே தப்பு. ஸ்ட்ரோக் பிளே (எல்லாக் குழிகளிலும் அடித்த மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) என்றால் என்ன என்று யோசிக்காமல் அதன் வரலாற்றைப் படித்தால் இப்படித்தான் ஆகும்.

மேட்ச் பிளேயில், அதாவது குழிக்குக் குழி மோதும் ஆட்டத்தில், எதிராளி பக்கத்திலேயே நிற்கிறார். ஏழு அடித்துத் தோற்றாலும் பத்து அடித்துத் தோற்றாலும் அந்தக் குழி போயிற்று, அவ்வளவுதான். அரை அடி தூரத்தில் பந்து கிடந்தால் ‘போதும், எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எதிராளியே விட்டுக்கொடுக்கலாம். ஸ்ட்ரோக் பிளேயில் விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. பந்து குழியில் விழ வேண்டும். விழாமல் எடுத்துவிட்டு, அதைச் சரிசெய்யாமல் அடுத்த டீயில் (அடுத்த குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடத்தில்) அடித்துவிட்டால் தகுதிநீக்கம். 1983 பிரிட்டிஷ் ஓப்பனின் மூன்றாம் சுற்றில் ஹேல் இர்வின், குழிக்குச் சில அங்குலம் தள்ளிக் கிடந்த பந்தை அசட்டையாகத் தட்டப்போய், மட்டை பந்தில் படவே இல்லை. அதுவும் ஒரு அடி. கடைசியில் ஒரே அடி வித்தியாசத்தில் பட்டத்தை இழந்தார்.

ஏன் இவ்வளவு கறார்? போட்டியிடும் மற்ற எல்லோரும் மைதானம் முழுக்கச் சிதறி இருக்கிறார்கள். நீங்கள் ஆடுவதை அவர்கள் பார்ப்பதில்லை. அவர்கள் சார்பில் பார்க்கும் கண் ஒன்றுதான்: கூட ஆடுகிற மார்க்கர். அவர் கையில் உங்கள் அடிக்கணக்கு அட்டை, உங்கள் கையில் அவர் அட்டை. அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு கட்டம். கூட்டுத்தொகை ஆட்டக்காரர் வேலையே அல்ல, அது போட்டிக் குழுவின் வேலை. கே., இங்கேதான் நீங்கள் சறுக்குகிறீர்கள். ஆட்டக்காரர் கையெழுத்து போடுவது 18 தனித்தனி எண்களுக்கு. கூட்டலைத் தப்பாகப் போட்டாலும் தண்டனை கிடையாது. ஒரு கட்டத்தில் அடித்ததைவிடக் குறைத்து எழுதியிருந்தால் உண்டு.

விங்டு ஃபுட் மைதானத்தில், கடைசிச் சுற்றின் நான்காம் குழியில் பங் ஆறு அடித்தார். அவருடைய மார்க்கர் பெட்டி ஜேம்சனும் ஆறு. இருவருமே மற்றவர் அட்டையில் ஐந்து என்று எழுதிவிட்டார்கள். பங்கின் மொத்தம் 298. பெட்சி ரால்ஸுக்கு 299. அட்டையைக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. இருவரும் தகுதிநீக்கம், பட்டம் ரால்ஸுக்கு. அந்தக் கிளப் உறுப்பினர்கள் பங்குக்காகத் திரட்டிக் கொடுத்த பணம் முதல் பரிசைவிட அதிகம். உங்களைப் போலவே அவர்களுக்கும் மனசு கேட்கவில்லை.

அட்டையில் எழுதியிருந்த மொத்தம் சரியாக இருந்ததால்தான் அந்தத் தப்பு கண்ணில் படவில்லை. மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்து போடுகிறவர் எல்லோருக்கும் இந்தக் குழி காத்திருக்கிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான். டீக்குப் போகுமுன் அட்டையை மாற்றிக்கொள்ளுங்கள் (2003 பிரிட்டிஷ் ஓப்பனில் மார்க் ரோவும் யெஸ்பர் பர்னெவிக்கும் மாற்ற மறந்து, இருவருமே வெளியே போனார்கள்). கிரீனை (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையை) விட்டு இறங்கியதும் கூட ஆடுகிறவரிடம் எண்ணைக் கேளுங்கள்; ‘பார்’ (அந்தக் குழிக்கு நிர்ணயித்த அடி), ‘போகி’ (அதைவிட ஒன்று கூடுதல்) என்று சொன்னால் விடாதீர்கள், ‘ஐந்தா, ஆறா?’ என்று கேளுங்கள். அபராத அடி இருந்தால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், ஐந்து குழி தள்ளிப் பேசினால் ஞாபகம் கலங்கிவிடும். 18 முடிந்ததும் உட்காருங்கள். மார்க்கர் உங்கள் அட்டையில் தான் எழுதிய கட்டங்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிக்க, நீங்கள் உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். கட்டம் மாறி எழுதியிருப்பதும், ஏழாம் குழியின் எண் எட்டில் ஏறியிருப்பதும் அப்போதுதான் பிடிபடும். பிறகு கையெழுத்து. கொடுத்துவிட்டால் திருத்த முடியாது.

அடித்ததைவிடக் கூடுதலாக எழுதிக் கொடுத்தால் தகுதிநீக்கம் இல்லை, அந்தக் கூடுதல் அப்படியே நிற்கும், அவ்வளவுதான். 1968 மாஸ்டர்ஸில் ராபர்ட்டோ டி விசென்சோ 17ம் குழியில் அடித்தது மூன்று, அட்டையில் நான்கு. அந்த ஒன்றில் பிளேஆஃப் (சமநிலையை முறிக்க ஆடும் கூடுதல் ஆட்டம்) வாய்ப்பு போயிற்று. குறைவுக்கும் கூடுதலுக்கும் ஏன் வேறு தண்டனை என்றால், குறைத்து எழுதினால் லாபம் எழுதியவருக்கு. மனசுக்குள் புகுந்து, மறதியா திருட்டா என்று விசாரிக்க எந்தக் குழுவாலும் முடியாது.

நாள் கணக்கைக் கேட்டிருந்தீர்கள் அல்லவா, மறந்தே போனேன். 1964 வரை கடைசி 36 குழிகள் ஒரே நாளில்தான். அந்த வருஷம் காங்கிரெஷனல் மைதானத்தில் கொளுத்தும் வெயில். கென் வென்டூரி காலையில் 66 அடித்துவிட்டுச் சுருண்டார். மேலே ஆடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியும் மாலையில் 70 அடித்து வென்றார். பிறகு அட்டை கைக்கு வந்தது. அவரால் ஒரு எண்ணைக்கூடச் சரிபார்க்க முடியவில்லை, பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் நிர்வாகி ஜோ டே பின்னால் நின்று பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது, கையெழுத்து போடுங்கள் என்றாராம். பங்கின் அட்டையால் தகுதிநீக்கம் நடந்த 1957லும் அந்தப் பதவியில் இருந்தவர் அவர்தான். 1965ல் நான்கு நாளாக்கினார்கள்.