தேர்வு முகாமில் நடிக்க வேண்டுமா?

அன்புள்ள அக்கா,

எனக்குப் பதினாறு வயது. வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஒரு பள்ளி ஆண்டு படிக்கும் மாணவர் பரிமாற்ற உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தேன். முதல் சுற்றைத் தாண்டிவிட்டேன். அடுத்த மாதம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தேர்வு முகாம். குழு விவாதம், குழுப் பணி, நேர்காணல் எல்லாம் இருக்குமாம். நான் கூட்டத்தில் அதிகம் பேசுகிறவள் இல்லை. "முந்திக்கொண்டு பேசாவிட்டால் உன்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்" என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். இரண்டு நாள் வேறு ஆளாக நடிக்கத்தான் வேண்டுமா? நேர்காணலுக்கு எதைப் படிப்பது? நீங்கள் இப்படிப்பட்ட தேர்வுக் குழுக்களில் இருந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் வாழ்த்துகள். நடிக்க வேண்டாம். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெறுமனே "நீ நீயாகவே இரு" என்றால் உனக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். முன்பு பரிமாற்ற மாணவராகப் போய்வந்தவர்கள் இருப்பார்கள், அயல்நாட்டுப் பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களும் இருப்பார்கள். உன் மதிப்பெண் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. உன்னைப் பார்க்கும்போது அவர்கள் மனதில் ஓடுவது வேறு: இந்தப் பெண்ணை முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம் ஏறக்குறைய பத்து மாதம் விட்டுவைக்கலாமா?

இந்தத் திட்டங்கள் தொடங்கிய கதையிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. மாணவர் பரிமாற்றம் நடத்தும் ஏ.எஃப்.எஸ். அமைப்பின் வேர், முதல் உலகப்போரில் பிரான்ஸில் காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிப்போன அமெரிக்கத் தன்னார்வலர்கள். இரண்டாம் உலகப்போரிலும் அதே வேலையைச் செய்தார்கள். போர் முடிந்து, 1947இல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினார்கள். அதுபோன்ற இன்னொரு அமைப்பான ஒய்.எஃப்.யு. 1951இல் ஜெர்மானியப் பதின்வயதினரை அமெரிக்க வீடுகளுக்கு அழைத்துவந்து ஆரம்பித்தது. சண்டை ஓய்ந்து ஆறே வருடம், எதிரி நாட்டுப் பிள்ளைக்கு வீட்டில் இடம் கொடுத்திருக்கிறார்கள்! இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழும். அப்படிப்பட்ட வீடுகளில் சேர்ந்து வாழத் தெரிந்த பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள்.

சரி, உன்னைப் பயமுறுத்தும் குழுப் பணிக்கு வருவோம். தலைவர் யார் என்று சொல்லாமல் ஒரு வேலையைக் குழுவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்க்கும் முறை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் அதிகாரித் தேர்வில் வளர்ந்தது. வில்ஃபிரட் பியான் என்ற மனநல மருத்துவர் அதற்கு வடிவம் கொடுத்தார். தான் முன்னுக்கு வரவேண்டும் என்ற ஆசைக்கும் குழுவின் வேலை முடியவேண்டும் என்ற அக்கறைக்கும் நடுவில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது. வேலை சும்மா ஒரு சாக்கு.

நான் பார்த்த ஒரு குழுவுக்குப் பழைய செய்தித்தாளும் ஒட்டும் டேப்பும் கொடுத்து, ஒரு புத்தகத்தைத் தாங்கும் பாலம் கட்டச் சொல்லியிருந்தார்கள். ஒரு பையன் ஆரம்பத்திலிருந்தே விடாமல் பேசினான், நல்ல யோசனைகளும் சொன்னான். ஓரத்தில் இருந்த ஒரு பெண் தாள்களை இறுக்கிச் சுருட்டிக் குழாய் குழாயாக அடுக்கிக்கொண்டே இருந்தாள். பாலம் நடுவில் தொய்ந்தபோது, "இவர் அப்போதே ஏதோ சொல்ல வந்தார், அதைக் கேட்டுப் பார்க்கலாமா?" என்று பக்கத்தில் இருந்தவனைக் காட்டினாள். அவள் பேசியது மொத்தமே அவ்வளவுதான். எங்கள் குறிப்பேடுகள் எல்லாவற்றிலும் அந்த வாக்கியம் ஏறியிருந்தது. அந்தப் பையனும் தேர்வானான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவன் பேச்சை நிறுத்திவிட்டு அவள் காட்டியவனைக் கேட்டான்.

அதனால் கூட்டத்தில் நீ குறைவாகப் பேசலாம். ஆனால் முழுக்க மௌனமாக இருந்துவிடாதே, உள்ளே என்ன நினைக்கிறாய் என்று எங்களுக்குத் தெரிய வழியே இல்லாமல் போய்விடும். ஒப்புக்கொள்ளாத இடத்தில் அதைச் சொல், காரணத்தோடு சொல். சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் போய்ப் பேசு. மற்றவர்களை எதிராளிகளாகப் பார்த்தால் இரண்டு நாளும் நரகமாகிவிடும்.

நேர்காணலுக்குப் பொது அறிவுப் புத்தகத்தை மனப்பாடம் செய்யாதே. போக விரும்பும் நாட்டைப் பற்றிக் கொஞ்சம் படி, உன் ஊரில் உனக்குப் பிடிக்காத ஒன்றைப் பற்றியும் நேர்மையாக யோசித்து வை. நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் கடைசியாக எதற்குச் சண்டை போட்டாய், எப்படிச் சமாதானமானாய்?" "நாங்கள் சண்டையே போடமாட்டோம்" என்று பதில் வந்தால் கவலையாகிவிடும். அங்கேயும் சண்டை வரும், அழுகையும் வரும். 1955இல் லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களைப் பேட்டி கண்டு எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், இடைப்பட்ட காலம் தங்கியவர்கள்தான் அதிகம் திணறினார்கள் என்பது அவர் கண்டது. எல்லோருக்கும் இப்படித்தான் என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. இருந்தாலும் உன் பத்து மாதம் அந்த இடைப்பட்ட காலத்தில்தான் வருகிறது என்பதை நினைவில் வை. வருத்தமாக இருக்கும்போது நீ என்ன செய்வாய், யாரிடம் போவாய் என்று கேட்டால், உண்மையில் செய்வதைச் சொல்.

தேர்வாகாமலும் போகலாம். இடங்கள் குறைவு, நல்ல பிள்ளைகளையும் விட்டுவிட நேர்கிறது. அந்த ராத்திரி எங்களுக்கும் தூக்கம் வராது.

அப்புறம், நீயும் அவர்களைக் கேள்வி கேட்க வேண்டும். அந்தக் குடும்பத்தோடு ஒத்துப்போகாவிட்டால் யாரைக் கூப்பிடுவது, வீடு மாற்றித் தருவார்களா? மருத்துவக் காப்பீட்டில் எதெல்லாம் அடங்காது? உதவித்தொகை விமானக் கட்டணத்தோடு நின்றுவிடுமா, கைச்செலவுக்கும் வருமா? எந்த விதியை மீறினால் பாதியில் திருப்பி அனுப்புவார்கள்? ரோட்டரி பரிமாற்றத்தில் வண்டி ஓட்டுவதற்கே தடை உண்டு. அப்பா அம்மாவோடு உட்கார்ந்து இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போ. நேர்காணல் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள், தாளைப் பார்த்தே கேள், தப்பில்லை.

அன்புடன்,
அக்கா