கடித உறை

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் ஐடி வேலையில் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்ய மாலையில் வரும் பெண், உக்ரேனில் கார்கிவ் நகரில் பதினைந்து வருடம் கணக்காளராக இருந்தவராம். இங்கே அந்த வேலைக்கு எப்படி முயற்சி செய்வது என்று கேட்டார். அரசு இணையதளங்களின் லிங்குகளை அனுப்பினேன், பயனில்லை. நல்ல தளம் ஏதாவது சொல்ல முடியுமா? இன்னொன்று. உங்களைப் போன்ற ஈழத்தமிழர்களுக்கு மறுத்த வேலை உரிமையை உக்ரேனியர்களுக்கு உடனே கொடுத்துவிட்டார்களே, கோபம் வரவில்லையா? அப்படிக் கொடுத்தும் உதவிப்பணம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள் என்று சக ஊழியர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள தம்பி,

கோபத்தை முதலில் முடித்துவிடுவோம். உக்ரேனியர்களுக்கு உடனே வேலை உரிமை கொடுத்த அந்தத் தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் பால்கன் போர்களைப் பார்த்துவிட்டு 2001இல் எழுதி வைத்தது. 2015இல் சிரியர்கள் வந்தபோது அது அலுமாரியிலேயே கிடந்தது. 2022 மார்ச் 4ஆம் திகதிதான் முதல் தடவையாக வெளியே எடுத்தார்கள். பாரபட்சம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக அதை அந்தப் பெண்ணின் தலையில் இறக்காதீர்கள்.

சக ஊழியர்கள் பேசுவதை எனக்கு ஏன் சுமந்து வருகிறீர்கள்? போர் தொடங்கியதும் 18 முதல் 60 வயது வரையான ஆண்களை உக்ரேன் வெளியே விடவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலர் பிள்ளைகளோடு. டொச் (ஜெர்மன் மொழி) வகுப்பு 600 மணித்தியாலம், சட்டம் வரலாறு என்று இன்னும் 100, பிள்ளைக்குக் கிண்டர்கார்டனில் இடம் கிடைத்தால்தான் வகுப்புக்கே போகலாம். உங்கள் குப்பைக்கூடையைக் கொட்டிக்கொண்டு கண்முன்னே ஒருவர் நிற்க, ‘வீட்டில் இருக்கிறார்கள்’ என்று பேசுகிறார்கள், நீங்களும் தலையாட்டிவிட்டு வந்து எனக்கு எழுதுகிறீர்கள்.

சரி, தளம். தளத்துக்கா இங்கே பஞ்சம்? உள்துறை அமைச்சு 2022 மார்ச்சிலேயே உக்ரேனிய மொழியில் ஒன்றைத் திறந்துவிட்டது. அந்தப் பெண் அங்கே வெளிநாட்டுப் படிப்புக்கு ‘அங்கீகாரம்’ என்ற சொல்லைப் படித்துவிட்டுப் பயந்திருப்பார். வைத்தியருக்கும் தாதிக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் கணக்காளராக வேலை செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை, வரி ஆலோசகர் என்று பலகை மாட்டத்தான் அனுமதி வேண்டும். டொச் ஓரளவு இருந்தால் நேரே விண்ணப்பிக்கலாம், பெரும்பாலும் டாடெவ் மென்பொருள் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். இங்கே கணக்கு எழுதுகிற ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்னால் பத்து நிமிட வேலை. தனியாகத் தேடினால் மூன்று மாதம், அதற்குள் டெலிகிராமில் யாராவது படிவம் நிரப்பித் தருகிறேன் என்று காசும் வாங்கிவிடுவான். நம்மவர்களிலும் அப்படிக் காசு வாங்கினவர்கள் இருந்தார்கள், பெயர் வேண்டாம்.

நான் 1985இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, பிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையம் வழியாக மேற்கே வந்து அசூல் அடித்தவன், அதாவது அகதித் தஞ்சம் கேட்டவன். இரண்டு வருடத்துக்கு வேலை செய்யக்கூடாது என்பது அப்போதைய சட்டம், 1987இல் அதை ஐந்து வருடமாக்கினார்கள். ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில், ஓர் அறையில் ஆறு பேர், விடிந்தால் இருட்டும்வரை 304 சீட்டாட்டம். ஒருநாள் எனக்கு டொச்சில் ஒரு கடிதம் வந்தது. கந்தோர்க் கடிதம் அல்லவா, பெட்டிக்குள் உடுப்புகளுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, உறையில் வெற்றிடம் இருக்கிறதே என்று 304 கணக்கு எழுத எடுத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் கொண்டுவரும் கிழவி ஒருவர் இருந்தார், ஓமா என்போம், டொச்சில் பாட்டி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை ஒரு தடவை வாசித்தார், பிறகு கையை நீட்டி ‘உறை எங்கே?’ என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. தபால்காரர் உறையில் பேனாவால் எழுதிய திகதியிலிருந்துதான், அசூலை மறுத்த அந்தக் கடிதத்துக்கு எதிரான மேல்முறையீட்டுத் தவணை ஓடுமாம். கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்தோம், யார் எத்தனை தோற்றான் என்ற கணக்குக்கும் தேத்தண்ணிக் கறைக்கும் நடுவே திகதி இருந்தது. மிச்சம் இரண்டு நாள். மறுநாள் காலை ஓமா பஸ்ஸுக்கும் தானே காசு கொடுத்து என்னை ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிப்போனார். கேட்கவே தெரியாத கேள்வியை எந்தத் தளத்தில் தம்பி நான் தேடியிருப்பேன்?

உங்கள் கொம்பனியில் கணக்குப் பிரிவு இருக்கும்தானே? அங்கே ஒருவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள், அந்தப் பெண்ணை அழைத்துப் போய் உட்கார வையுங்கள், நீங்களும் கூட இருங்கள். அப்புறம் கரித்தாஸ், டியாகோனி, செஞ்சிலுவை என்று ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் குடிவரவு ஆலோசனை இருக்கும், காசு வாங்கமாட்டார்கள். அங்கேயும் முதல் தடவை கூடப் போங்கள், வாசலில் விட்டுவிட்டு வராதீர்கள். கடிதம் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள், உறையோடு.