நண்டுக் கறிக்கு எந்த வைன்?

கேள்வி: திருமண நாளுக்காக நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் இரவு விருந்துக்குப் பதிந்திருக்கிறோம். நான்கு வகை உணவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வைன். கணவாய்ப் பொரியல், நண்டுக் கறி, ஆட்டிறைச்சி, வட்டிலப்பம் என்பது மெனு. நண்டுக்குக் கேபர்னே சோவின்யோன் என்று போட்டிருக்கிறார்கள். பொருந்துமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: பொருந்தாது. இப்போதே ஹோட்டலுக்கு அழைத்து மாற்றச் சொல்லுங்கள். அன்று மாலை போய்ச் சொன்னால் வேறு போத்தல் குளிராக இருக்காது.

கேபர்னே துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைன், மதுசாரமும் 14 வீதம் வரை இருக்கும். வறுத்த கறித்தூள் போட்டு, முருங்கையிலை சேர்த்து இறக்கிய நம் நண்டுக் கறியின் உறைப்பை மதுசாரம் இன்னும் ஏற்றிவிடும். துவர்ப்போ நாக்கை வறளவைக்கும். அது மட்டுமல்ல, சிவப்பு வைனில் உள்ள இரும்புச்சத்து கடலுணவின் கொழுப்போடு சேரும்போது வாயில் ஒரு வெடுக்கு நிற்கும். கறியில் பிழை என்று நினைப்போம், பிழை கிளாஸில் இருக்கும்.

நண்டுக்கு இலேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் கேளுங்கள். 9 முதல் 11 வீத மதுசாரம் போதும். இனிப்பும் குளிரும் உறைப்பை அடக்கும், அதன் புளிப்பு தேங்காய்ப்பாலின் கனத்தை வெட்டும். ரீஸ்லிங் கிடைக்காவிட்டால் ரோசே எனும் இளஞ்சிவப்பு வைன். சமையலறையில் பழப்புளி கூடுதலாக விடுவார்களா என்றும் விசாரியுங்கள். உணவின் புளிப்பு வைனின் புளிப்பை மிஞ்சினால் எவ்வளவு விலையுயர்ந்த வைனும் சப்பென்றாகிவிடும்.

கணவாய்க்குச் சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை வைன். பொரியலின் மேல் தேசிக்காய் பிழிந்திருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கேபர்னேயை வீணாக்க வேண்டாம், ஆட்டிறைச்சிக்கு நகர்த்தச் சொல்லுங்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் வைன் மென்மையாகும். ஆனால் தணலில் வாட்டிய இறைச்சிக்குத்தான் இது சரி. மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்ட பிரட்டல் என்றால் பினோ நுவார் போன்ற மெல்லிய சிவப்பு வைன்.

சறுக்குவது வட்டிலப்பத்தில்தான். இனிப்பு உணவைவிட வைன் இனிப்பாக இருக்க வேண்டும். கித்துள் கருப்பட்டிக்கு முன்னால் சாதாரண வெள்ளை வைன் வெறும் புளிப்பாகத் தெரியும். டோனி போர்ட் என்ற இனிப்பான, மதுசாரம் கூடிய போர்த்துக்கல் வைன் 50 மி.லி. கேளுங்கள். மரப் பீப்பாயில் முதிர்ந்த அதன் வாசனை கருப்பட்டிக்கும் ஏலக்காய்க்கும் அப்படியே ஒத்துப்போகும்.

கேள்வி: வெளியே புல்வெளியில் மேசை போட்டு விருந்து தந்தார்கள். சிவப்பு வைன் நெடியடித்தது, வெள்ளை வைன் சுவையே இல்லை. போத்தல் கெட்டுப்போனதா?
– வாசகர், உப்புவெளி

பதில்: அநேகமாக வெப்பம்தான் காரணம். சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் குளிர்நாட்டு அறையைக் குறித்தது, 16 முதல் 18 பாகை. கச்சான் வீசும் மாதங்களில் நம் ஊர் இரவிலேயே அதைவிட மிக அதிகம். அந்தச் சூட்டில் மதுசாரம் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். சிவப்பையும் அரை மணி நேரம் பிரிஜ்ஜில் வைத்துத் தரச் சொல்லலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. வெள்ளைக்கு 8 முதல் 10 பாகை.

ஐஸ் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு பிடி உப்பு போட்டால் 15 நிமிடத்தில் போத்தல் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸ்கட்டிக்கு நடுவே காற்று இருப்பதால் நேரம் பிடிக்கும். ஒரு தடவைக்கு 75 மி.லி.க்கு மேல் ஊற்ற விடாதீர்கள். கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். வெளிப்புறம் வியர்த்திருந்த நீர்த்துளி காய்ந்து கண்ணாடி தெளிந்துவிட்டால் வெள்ளை வைன் சூடேறிவிட்டது என்று அர்த்தம்.

கெட்டுப்போன போத்தலுக்கு வேறு அடையாளம்: நனைந்த மட்டைப்பெட்டி வாசனை. அது தக்கையிலிருந்து வரும் பழுது. முதலில் கொஞ்சம் ஊற்றித் தருவது இதைப் பார்க்கத்தான். முகர்ந்தாலே போதும், பழுதென்றால் மாற்றித் தர வேண்டியது ஹோட்டலின் பொறுப்பு.

கேள்வி: நான்கு கிளாஸ்தானே, மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: கூடாது. 75 மி.லி. வீதம் நான்கு என்றால் 300 மி.லி., ஏறக்குறைய 30 கிராம் மதுசாரம். உடல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். ஓட்டோ பேசிவையுங்கள், அல்லது அங்கேயே தங்குங்கள். இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஒரு மிடறும் குடிக்க வேண்டாம், இரத்தச் சீனி ஆபத்தாக இறங்கலாம். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நான் குடிப்பதில்லை. கணவரோடு போகலாமா?
– வாசகி, மூதூர்

பதில்: தாராளமாக. பதியும்போதே சொன்னால் வைனுக்கான தொகையைக் கழிப்பார்களா என்று கேட்கலாம். கணவாய்க்குத் தேசிக்காய் சோடா, நண்டுக்குக் குளிர்ந்த இளநீர், இறைச்சிக்கு மாதுளைச் சாறு, வட்டிலப்பத்துக்குச் சீனி போடாத இஞ்சித் தேநீர். திகதி பௌர்ணமிப் போயா நாளில் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மதுக்கடைகள் பூட்டு, ஹோட்டலில் என்ன ஏற்பாடு என்பதைக் கேட்டு உறுதிசெய்த பிறகு முற்பணம் கட்டுங்கள்.