கணினி கேள்வி–பதில்: ரோபோ சுவரில் முட்டட்டும்

கேள்வி: பள்ளி மாணவர்கள் பைத்தான் நிரல்மொழி கற்பதற்காக, விளையாட்டு வடிவில் ஒரு மேசைக்கணினிச் செயலியை இறுதியாண்டுத் திட்டப்பணியாக உருவாக்கி வருகிறேன். பாடம் முடித்தால் புள்ளி, நாள் தவறாமல் வந்தால் பதக்கம், வகுப்புக்கு ஒரு தரவரிசைப் பட்டியல் என்று வைத்திருக்கிறேன். இரண்டாவது வாரத்திலிருந்தே மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரின் விடையைப் பார்த்து எழுதிவிட்டுப் புள்ளியை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். எங்கே தவறினேன்?
— பொறியியல் மாணவி, கோவை

பதில்: தவறு மாணவர்களிடம் இல்லை. விடையை எந்த வழியில் பெற்றாலும் புள்ளி ஒன்றுதான் என்பதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்காக அவர்களை மெச்சவே தோன்றுகிறது.

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகிய மூவர் 1973-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நீங்கள் படிக்க வேண்டும். படம் வரைவதில் முன்பே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். ஓரிரு வாரம் கழித்துக் கவனித்தபோது, அந்தக் குழந்தைகள் தாமாக வரையச் செலவிட்ட நேரம், சான்றிதழே பெறாதவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இந்தக் குறைவு காணப்படவில்லை. உங்கள் செயலி முதல் நாளிலேயே எல்லாப் பதக்கங்களையும் கடைபரப்பிக் காட்டிவிடுகிறது.

ஆட்டம் பாடத்தின்மேல் ஒட்டிய தாளாக இல்லாமல், நிரல் ஓடுவதே ஆட்டமாக இருக்க வேண்டும். நிரலாக்கம் கற்பிப்பதற்காக ரிச்சர்டு பாட்டிஸ் 1981-இல் அறிமுகப்படுத்திய, திரையில் கட்டங்களில் நகரும் கேரல் என்னும் ரோபோவைப் பாருங்கள். அதற்குத் தெரிந்த அடிப்படைக் கட்டளைகள் ஐந்தே: முன்னே நகர், இடப்பக்கம் திரும்பு, பீப்பரை (கட்டத்தில் கிடக்கும் சிறு பொருள்) எடு, பீப்பரை வை, நிறுத்து. வலப்பக்கம் திரும்பக் கட்டளை கிடையாது. மூன்று முறை இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் வந்துவிடும் என்பதை மாணவர் யோசித்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். அதே மூன்று வரிகளை நாலைந்து இடங்களில் எழுதிச் சலித்தபின், இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் என்ன என்று அவருக்கே தோன்றும். பெயரிட்ட கட்டளைத் தொகுப்பான செயற்கூறு (function) எதற்கு என்பதை அதன்பிறகு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. நிரல் தவறினால் ரோபோ சுவரில் முட்டி அணைந்துவிடும். எந்த வரியில் பிசகியது என்பதை, சிவப்பு எழுத்தில் வரும் பிழைச் செய்தியைவிட அந்தக் காட்சி தெளிவாகச் சொல்லும்.

பார்த்து எழுதுவதைக் குறைக்க, ஒவ்வொரு மாணவருக்கும் ரோபோ நகரும் வெவ்வேறு வரைபடத்தைக் கொடுங்கள். தரவரிசைப் பட்டியலை எடுத்துவிடுங்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் முப்பத்தைந்து பேருக்கு அது தினமும் தோல்வியையே காட்டுகிறது. 2015-இல் வெளிவந்த ‘ஹியூமன் ரிசோர்ஸ் மெஷின்’ என்ற கணினி விளையாட்டு, ஒவ்வொரு புதிருக்கும் குறைந்த கட்டளைகள், குறைந்த படிகள் என இரண்டு இலக்குகளைத் தனித்தனியே வைக்கிறது. சில புதிர்களில் ஒரே நிரலால் இரண்டையும் எட்டுவது கடினம் என்பதால், முடித்த புதிருக்கே மாணவர் மீண்டும் திரும்பி வருகிறார். நாள்தவறாமைக் கணக்கும் வேண்டாம்; நிரலர்கள் தங்கள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளமே 2016-இல் அதை நீக்கிவிட்டது. காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு அபராதம் விதிக்கும் ஏற்பாடு அது.

கேள்வி: மாணவர் முடிவில்லா மடக்கு (நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடும் நிரல்பகுதி) ஒன்றை எழுதிவிட்டால் என் செயலி முழுவதும் உறைந்துபோகிறது. அப்படிப்பட்ட நிரலை ஓட்டுவதற்கு முன்பே கண்டறிய முடியாதா?
— கணினி ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொதுவான வழி இருக்க முடியாது என்று கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936-இலேயே நிறுவிவிட்டார். ஆகவே கண்டறிய முயலாமல், கட்டுப்படுத்துங்கள். மாணவரின் நிரலைச் செயலிக்குள்ளேயே ஓட்டாமல் தனிச் செயல்முறையாக (process) ஓட்டினால், அது சிக்கிக்கொண்டாலும் திரை உறையாது. பத்தாயிரம் படிகளைத் தாண்டினால் நிறுத்திவிடலாம். நிறுத்தியதும் ‘நேரம் முடிந்தது’ என்று மட்டும் காட்டிவிடாதீர்கள். ரோபோ ஒரே கட்டத்தில் சுற்றிச் சுற்றி வருவதையும், அந்த மடக்கின் நிபந்தனை ஏன் மாறவே இல்லை என்பதையும் மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள். தனிச் செயல்முறை என்பதாலேயே கோப்புகளுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பதையும் மறக்கவேண்டாம். ஆய்வகக் கணினிகளில் குறைந்த உரிமையுள்ள பயனர் கணக்கிலேயே செயலியை இயக்குங்கள்.

கேள்வி: இத்தகைய செயலியை உருவாக்க எலக்ட்ரான் (இணையப்பக்க நுட்பத்தால் மேசைக்கணினிச் செயலி அமைக்கும் கருவி) ஏற்றதா, கோடோ (விளையாட்டு உருவாக்கும் கருவி) ஏற்றதா? எங்கள் பள்ளியில் இருப்பவை பழைய கணினிகள். இணையமும் நம்பும்படி இல்லை.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: கோடோ. எலக்ட்ரான் ஒவ்வொரு செயலியோடும் ஒரு குரோமியம் உலாவியையே சுமந்து வருவதால், பழைய கணினிகளின் நினைவகத்துக்கு அது பாரம். எதைத் தேர்ந்தாலும் பைத்தானைச் செயலியோடு சேர்த்தே கொடுங்கள். நிறுவத் தேவையில்லாமல் உடன் வைத்துக்கொள்ளும் விண்டோஸ் தொகுப்பு ஒன்று பைத்தானின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே கிடைக்கிறது. மாணவரின் முன்னேற்றத்தை ஒரு சிறு எஸ்க்யூலைட் (SQLite) தரவுத்தளக் கோப்பில் சேமித்தால், பென் டிரைவில் எடுத்துச் சென்று வேறு கணினியில் தொடரவும் முடியும்.