காய்ச்சலின்போது மனமும் ஏன் சோர்ந்துவிடுகிறது?

தொற்று ஏற்பட்டால் பசி குறைந்து, யாரையும் பார்க்கப் பிடிக்காத சோர்வு வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சைட்டோகைன் என்னும் புரதங்கள் இரத்தத்தின் வழியாகவும் மூளையை நெஞ்சு, வயிற்று உறுப்புகளோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளைக்குச் செய்தி அனுப்ப, உடலின் ஆற்றலைச் சேமிப்பதற்காக மூளையே அந்த ஓய்வைக் கட்டாயமாக்குகிறது. ஆகவே அதை வெறும் மனப்பிரமை என்று நோயாளியிடம் சொல்வது பெரும் அநியாயம். வேகஸ் நரம்பிழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை. எதிர்த்திசையிலும் பாதை உண்டு. மூளை அதே நரம்பின் வழியே அழற்சியை, அதாவது தொற்றுக்கோ காயத்துக்கோ உடல் காட்டும் வீக்கம், சூடு போன்ற எதிர்வினையை, தணிப்பதை அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் கெவின் டிரேசி 2002இல் விரிவாக விளக்கினார். இங்கெல்லாம் நரம்புகள் செய்தியைச் சரியாகக் கடத்துகின்றன; நீரிழிவில் நிலைமை வேறு: நெடுநாள் உயர்ந்திருக்கும் சர்க்கரை நரம்புகளையே சிதைப்பதால், மிக நீண்ட நரம்புகள் முடியும் பாதங்களில் பெரும்பாலும் மரப்பு முதலில் தோன்றி, வலி தெரியாத புண்கள் கவனிக்கப்படாமல் முற்றிவிடுகின்றன.